ராகிக் கொல்லையில் நின்றவள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும், “இது என்ன ஜாதி?” என்றுதான் கேட்பார்கள். செட்டர் என்று சொன்னால் புரியாது. வேட்டை நாய் என்று சொன்னால் காலைச் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவளோ யாராக இருந்தாலும் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு, தட்டில் இருக்கும் முறுக்கைப் பார்த்தபடி நிற்பாள். வெள்ளை உடம்பு முழுக்கப் பேனாவை உதறியது போல் கறுப்புப் புள்ளிகள். காதிலும் வாலிலும் நீளமாகத் தொங்கும் மயிர். அதைச் சீவிவிடவே எனக்குத் தினமும் அரை மணி நேரம் போய்விடும்.

நான் பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்தவர் ஒருவர் வெளிநாடு போகும்போது, மூன்று மாதக் குட்டியாக இருந்த அவளை என்னிடம் விட்டுப் போனார். செட்டர் என்றால் என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. புதருக்குள் பறவை இருக்கிறது என்று மோப்பம் சொல்லிவிட்டால், அந்த நாய் குரைக்காது, பாயாது. உடம்பைத் தாழ்த்தி, மூக்கை நீட்டி, கல்லாக நின்றுவிடும். துப்பாக்கி வைத்திருப்பவர் வந்து சேரும்வரை மூச்சுவிடுகிற சத்தம்கூட வெளியே கேட்காது. இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ரத்தத்திலேயே வருகிறது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது கலைய வேண்டும் என்பதை மட்டும்தான் நாம் சொல்லித்தர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட நாய்களை வைத்துப் பழக்கும் நாலைந்து பேரோடு நானும் சேர்ந்துகொண்டேன். எங்களில் யாரிடமும் துப்பாக்கி கிடையாது. இந்த நாட்டில் பறவையைச் சுடுவது குற்றம், சுடும் ஆசையும் எங்களுக்கு இல்லை. கான்வாஸ் துணியில் தைத்த பொம்மைகளை எறிந்து எடுத்துவரச் சொல்வோம். தீபாவளித் துப்பாக்கியில் கேப் வைத்து வெடித்து, சத்தத்துக்குப் பயப்படாமல் பழக்குவோம். நீளமாக ஒரு விசில் ஊதினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். குட்டையாக மூன்று ஊதினால் திரும்பி வர வேண்டும்.

“சுடவே போறதில்ல. அப்புறம் எதுக்கு இதெல்லாம்?” என்று என் கணவர் கேட்பார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதற்கும் விடை வேண்டும் அவருக்கு.

“அவளுக்கு அது சந்தோஷம்ங்க” என்பேன்.

“அவளுக்கா, உனக்கா?”

எனக்கும்தான் சந்தோஷம். வாரம் முழுக்கக் கண்ணாடிக் குடுவையைப் பார்த்துக் கொண்டிருக்கிறவளுக்கு, ஒரு உயிர் ஓட்டத்தின் நடுவில் என் மூச்சுக்குக் கட்டுப்பட்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு மற்றவர்கள் யாரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் கல்யாணம். நான் மட்டும் போகிறேன் என்றதும் கணவர் பல் தேய்த்துக் கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, “தனியா எல்லாம் போக வேணாம். நானும் வரேன்” என்றார். அவர் எங்களோடு வருவது அதுதான் முதல் தடவை.

ஓசூர் ரோட்டில் அந்த விடியற்காலை நேரத்துக்கு லாரிகள் குறைவு. பொம்மசந்திராவைத் தாண்டும்போது என் தொழிற்சாலையின் கேட்டைப் பார்த்து, “லீவு நாள்லகூட உன் ஆபீஸ் வழியாத்தான் போகணுமா?” என்று கிண்டல் செய்தார். பிறகு ஆனேக்கல் பக்கம் திரும்பி, நீலகிரி மரங்களை ஒட்டிப் போனால் தண்ணீர் வற்றிய ஒரு ஏரி வரும். முழங்கால் உயரப் புல். ஏரிக் கரைக்கு அந்தப் பக்கம் ராகிக் கொல்லைகள், அதற்குப் பின்னால் காடு. கார் நிற்பதற்கு முன்பே அவள் பின்சீட்டில் நின்று முனக ஆரம்பித்துவிட்டாள்.

பனி இன்னும் விலகவில்லை. அவளை அவிழ்த்து விட்டு, கையை வீசி “போ” என்றேன். அவள் புல்லுக்குள் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓடினாள். வாலின் மயிர் காற்றில் விரிந்து, வெள்ளைத் துணியை யாரோ புல்லின் மேல் இழுத்துக்கொண்டு போவது போல் இருந்தது. கணவர் கையில் கேப் துப்பாக்கியோடு வாயைத் திறந்து பார்த்துக் கொண்டிருந்தார்.

“ஏய், இவ நம்ம வீட்டு நாய்தானா? மாடிப்படி ஏறவே நாலு தடவ கூப்பிடணும்!”

அப்படி அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் நின்றாள். ஒரு முன்னங்கால் தூக்கியபடியே இருந்தது. உடம்பு மெல்லத் தாழ்ந்தது. நான் அவர் கையைப் பிடித்து, பேசாதீர்கள் என்று ஜாடை காட்டினேன். இருவரும் அவளுக்குப் பக்கவாட்டில் நடந்து போனோம். அவளுடைய கண் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் புல்லைக் காலால் தட்டியதும் காடைகள் படபடவென்று எழும்பின. கணவர் பதற்றத்தில் வானத்தைப் பார்த்து வெடித்தார். அவள் அசையவில்லை. பறவைகள் கரைக்கு அப்பால் போய் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தாள்.

கணவர் மண்டியிட்டு அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சூப்பர்டி கண்ணு, சூப்பர்!” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “இப்ப புரியுது” என்றார். இத்தனை வருடத்தில் என்னைக் குறித்து அவருக்கு ஏதோ புரிந்தது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் இன்னொரு சுற்று விட்டேன்.

அவள் இந்தத் தடவை நேராக ஓடினாள். காடைகள் போன திசை மூக்கில் இருந்திருக்க வேண்டும். கரை மேல் ஏறியதைப் பார்த்தேன். கரைக்கு அப்பால் போனால் என் பார்வையில் இருக்க மாட்டாள் என்று, நீளமாக ஒரு விசில் ஊதினேன். அதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.

சத்தம் எதுவும் இல்லை. விசில் கேட்டு நின்றிருப்பாள், அல்லது இன்னொரு பறவையைக் கண்டு நிற்கிறாள் என்று நினைத்தோம். நல்ல செட்டர் நிற்கும்போது சத்தமே போடாது. அவசரப்படாமல் நடந்தோம். கரை மேல் ஏறிப் பார்த்தபோது ராகிக் கதிர்கள் பனியில் தலை கவிழ்ந்து நின்றன. அவளைக் காணோம்.

மூன்று குட்டை விசில் ஊதினேன். காத்திருந்தேன். மறுபடி ஊதினேன்.

“ரோட்டுப் பக்கம் போயிட்டாளா?” என்றார் கணவர்.

“போக மாட்டா. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் வந்துடுவா.”

வரவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு பழக்கி, இப்படிச் சொல் கேட்காமல் போனாளே என்று. பிறகு காடு ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாய் திருடுகிறவர்களும் உண்டு. கணவர் ரோட்டை நோக்கி ஓடினார். நான் கொல்லைகளின் வேலியை ஒட்டி, நடந்துகொண்டும் ஊதிக்கொண்டும் போனேன். ஊதி ஊதி உதடு வறண்டு, விசிலில் வெறும் காற்றுதான் வந்தது. எச்சில் கூட்டி மறுபடி ஊதினேன்.

ஒரு ராகிக் கொல்லையின் ஓரத்தில், முள்வேலியில் இருந்த இடைவெளிக்கு அப்பால் வெள்ளையாகத் தெரிந்தது. அவள்தான். தலையைத் தாழ்த்தி, கால்களை ஊன்றி நின்றிருந்தாள். பறவையைக் கண்டுதான் நிற்கிறாள் என்று உயிர் திரும்பி வந்தது எனக்கு. இங்கே வா என்று மூன்று விசில் ஊதினேன்.

அவள் என் பக்கம் திரும்பி ஒரு அடி எடுத்து வைக்கப் பார்த்தாள். உடம்பு முன்னால் வந்தது, பின்பக்கம் வரவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி கால்களை ஊன்றி அப்படியே நின்றாள். அப்போதுதான் அவள் இடுப்பில் மயிர் இரண்டாகப் பிளந்திருப்பதைப் பார்த்தேன்.

கம்பி. பைக்கில் கிளட்சுக்குப் போடுகிற முறுக்குக் கம்பி. சுருக்காகப் போட்டு, மறுமுனையை ஒரு மரக்கட்டையில் கட்டியிருந்தார்கள். வயிற்றைச் சுற்றி இறுகி, சதைக்குள் போயிருந்தது. கீழே ரத்தம் அதிகம் இல்லை. அவள் இழுக்காமல் நின்றிருந்ததால் அவ்வளவோடு இருந்தது. நான் கூப்பிடும்போதெல்லாம் மட்டும் இழுத்திருக்கிறாள்.

எத்தனை தடவை கூப்பிட்டேன்!

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கணவரின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். இருவரும் விரலை விட்டுச் சுருக்கைத் தளர்த்தப் பார்த்தோம். தொட்டாலே இறுகியது. அவள் என் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நடுங்கினாள். கடிக்கவில்லை.

“நீ பிடிச்சுக்கோ. அசைய விடாதே” என்று சொல்லிவிட்டு, கொல்லைக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஓட்டு வீட்டை நோக்கி ஓடினார். திரும்பி வரும்போது கூட ஒரு ஆள். நாற்பது வயது இருக்கும். செருப்புகூடப் போடாமல், கையில் கட்டிங் பிளேயரோடு வந்தார். கம்பியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கில், இது அவருடைய கம்பிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அய்யோ தேவரே” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி உட்கார்ந்தார். “பன்னிக்குப் போட்டதும்மா. காட்டுப்பன்னிக்கு.”

“முதல்ல வெட்டுய்யா!” என்று கத்தினேன். ஆம்பளையை ‘யா’ போட்டு நான் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் அவளிடம் கன்னடத்தில் பேசினார். “அல்லாடபேடா, அல்லாடபேடா கண்ணு.” அசையாதே என்று அர்த்தம். அவள் அசையாமல் இருந்தாள். முதுகுப் பக்கம் இருந்த முடிச்சுக்குக் கீழே பிளேயரை நுழைத்து நெரித்தார். பிளேயர் இரண்டு தடவை வழுக்கியது. கம்பி அறுந்ததும் அவள் கால்கள் மடிந்து என் மேல் சாய்ந்தாள். அப்போதுதான் ரத்தம் வந்தது.

என் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினோம். அவரும் கணவரும் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தார்கள். பக்கத்து ஊர் மாட்டு ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுகிறேன் என்று அவரே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. பெங்களூருக்கே போய்விடலாம் என்று நான் எங்கள் டாக்டருக்குப் போன் செய்தேன். அந்த ஆள் காரை விட்டு இறங்கவில்லை. கணவரும் இறங்கச் சொல்லவில்லை.

வழியெல்லாம் கணவர் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

“இது நாயி. நாளைக்கு ஒரு குழந்த ஓடிவந்து மாட்டினா என்ன பண்ணுவே?”

“தப்புதான் சார்.”

“கம்பி போடறது சட்டப்படி குத்தம், தெரியுமா?”

“தெரியும் சார்.” ரோட்டைப் பார்த்தபடி, “மூணு வருஷமா அறுப்புக்கு முன்னாடி வந்து மேஞ்சுட்டுப் போகுது சார். ராத்திரி எல்லாம் தகரம் தட்டிப் பாத்தோம். பட்டாசு போட்டோம். போன வருஷம் களத்துக்கு வந்தது ஸ்வல்பந்தான்” என்றார்.

“அதுக்கு?”

ஓசூர் ரோட்டுக்கு வந்த பிறகு அவர் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். “மேடம், கம்ப்ளெயிண்ட் குடுப்பீங்களா?”

என் மடியில் அவள் தலை இருந்தது. நாக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. “நீங்க பேசாதீங்க” என்றேன்.

கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும் எங்கள் டாக்டர், லீவு நாளிலும் வந்து ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்திருந்தார். மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் சுடிதாரிலும் அந்த ஆளின் சட்டையிலும் ஒரே ரத்தம். உள்ளே வந்த ஒரு பெண் எங்கள் மூவரையும் ஒரே குடும்பம் என்று நினைத்து, “கவலப்படாதீங்க, சரியாயிடும்” என்று அவருக்கும் சேர்த்து ஆறுதல் சொன்னாள். அவர் எழுந்து கும்பிட்டார்.

டாக்டர் வெளியே வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. “தோலும் தசையும் கட்டாயிருக்கு. உள்ள போகல” என்றார். “பயந்து இழுத்திருந்தா குடல் வரைக்கும் போயிருக்கும். எப்படித்தான் நின்னாளோ! நல்லா ட்ரெயின் பண்ணியிருக்கீங்க.”

கணவர் என் தோளைத் தொட்டார். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். நல்லாப் பழக்கியிருக்கிறேன். நிற்கவும் பழக்கினேன், வரவும் பழக்கினேன். கரைக்கு அந்தப் பக்கம் கம்பிக்குள் இருந்தவளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறேன். அவள் என்ன நினைத்திருப்பாள்? நாய் இப்படியெல்லாம் நினைக்காது என்று கணவர் பிறகு பல தடவை சொன்னார். எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து சத்தம் வராமல் என்னைப் பார்த்தாளே, அதைப் பார்த்தவள் நான்.

வெளியே வந்தபோது அந்த ஆள் கிளம்பத் தயாராக நின்றார். “சிவாஜிநகர்ல இருந்து எங்க பக்கம் பஸ் இருக்குமா சார்?” என்று கேட்டார். மார்க்கெட்டுக்குப் போய் மாற வேண்டும் என்று கணவர் சொன்னார். அப்போதுதான் அவருடைய வெறும் காலைக் கவனித்தார். தார் ரோடு வெயிலில் கொதித்துக் கொண்டிருந்தது. கணவர் தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் தள்ளினார். அவர் வேண்டாம் என்றார். “போட்டுட்டுப் போய்யா” என்று இவர் அதட்டினார். “போய் அந்தக் கம்பி எல்லாத்தையும் பிடுங்கு. பிடுங்கிட்டா கம்ப்ளெயிண்ட் கிடையாது.”

“இன்னிக்கே பிடுங்கிடறேன் சார்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அன்று என் கணவர் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார்.

தையல் பிரித்து, மயிர் முளைக்கப் பல வாரங்கள் ஆயின. நன்றாகச் சாப்பிட்டாள், மாடிப்படி ஏறினாள். முற்றிலும் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாள், வீட்டுக்குள்ளேயே மெதுவாக மூன்று விசில் ஊதிப் பார்த்தேன். அவள் படுத்திருந்த இடத்தை விட்டு எழுந்தாள். வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்றாள். உடம்பு நடுங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாளே தவிர, ஒரு அடிகூட வரவில்லை. நான்தான் போய் அவளைத் தரையோடு கட்டிக்கொண்டேன். அந்த விசிலை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

பயிற்சிக்கு வரும் நண்பர்கள், கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி பழக்கலாம், வேறு சத்தம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். செய்யலாம்தான். எனக்கு மனம் வரவில்லை. இப்போது கயிற்றோடு அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கிறோம். புறாவைப் பார்த்தால் நிற்கிறாள். நானும் நிற்கிறேன். பின்னால் வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த வருடம், ராகி கதிர் பிடிக்கும் சமயத்தில், ஒரு நாள் வேலை முடிந்து அந்த ஊருக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கம்பி போட்ட அந்த ஆள் கொல்லையில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு ஓடி வந்தார்.

“நாயம்மா எப்படியிருக்கு மேடம்?”

“நல்லா இருக்கா.”

“தேவரு காப்பாத்தினாரு.” வீட்டுக்குள் குரல் கொடுத்து மோர் கொண்டுவரச் சொன்னார். மோரைக் குடித்துவிட்டு, டம்ளரும் கையுமாக வேலியை ஒட்டி நடந்தேன். அவரும் பின்னால் வந்தார். முள்ளுக்கு நடுவில் விட்டிருந்த இடைவெளியில் அது தொங்கியது. புதுக் கம்பி. மாலை வெயில் பட்டு மின்னியது. அதற்கு அடுத்த இடைவெளியிலும் ஒன்று.

திரும்பிப் பார்த்தேன். அவர் பொய் சொல்லப் பார்க்கவில்லை.

“அன்னிக்கே எல்லாத்தையும் பிடுங்கிட்டேன் மேடம். சாருக்குச் சொன்ன மாதிரியே. அந்தத் தடவ கொல்ல பூரா போச்சு. ஒரு மூட்டகூட வரல. ஃபாரஸ்ட் ஆபீசுக்கும் நடந்தேன். வந்து பாக்கறோம்னாங்க. வரல” என்றார்.

“யாராவது மாட்டிப்பாங்க” என்றேன்.

“பகல்ல தூக்கிக் கட்டிடறேன் மேடம். இருட்டினப்புறம்தான் இறக்கி விடுவேன். இன்னிக்கு மறந்துட்டேன்.” குனிந்து அந்தச் சுருக்கை அவிழ்த்து, வேலியின் மேல் தூக்கி மாட்டினார். “இப்போ எடுத்துட்டேன், பாருங்க.”

அவருக்குப் பின்னால் கதிர்கள் நிறைந்து நின்றன. அவருடைய மனைவி காலி டம்ளரை வாங்க வாசலில் காத்திருந்தாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார். காலடியில் படுத்திருந்த அவளுடைய இடுப்பைத் தடவினார். மயிருக்கு அடியில் கயிறு போலத் தடித்த ஒரு தழும்பு கைக்குத் தட்டுப்படும்.

“நாளைக்குக் கம்ப்ளெயிண்ட் கொடுத்துடலாமா?” என்று கேட்டார்.

அவராக முடிவு செய்யவில்லை. என்னைத்தான் கேட்டார். எத்தனையோ நாளைகள் போய்விட்டன. அந்தப் பக்கம் அறுவடை முடிந்திருக்கும். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.